மனிதன் மட்டும் எங்கே?

பாடத்திட்டம் என்றால் அலுவலகத்து அலமாரியிலே தூங்கும் தாள்கட்டு என்பதே பலரின் எண்ணம். ஆசிரியன் அதைப் புரட்டுவான். அதிகாரி அதிலே முத்திரை குத்துவான். மாணவனோ அதன் முகத்தைக்கூடக் காணமாட்டான். அத்தகைய ஏடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, காவியத்தைத் திறனாய்வது போலச் சொல் சொல்லாக ஆராயப் போகிறேன் என்றால், வேறு வேலை இல்லையா இந்த வாத்தியாருக்கு என்று கேட்கத் தோன்றும். தோன்றட்டும்! அந்த ஏட்டின் சில சொற்களை மாற்ற ஒரு மாநிலத்துக் கல்வித்துறை முயன்றது. ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க இன்னொரு மாநிலத்துக் கல்விக்குழு துணிந்தது. அந்த ஏட்டை ஆராய்ந்து பார்க்கவே காசு தரமாட்டோம் என்று வேறொரு சட்டமன்றம் பணப்பையின் வாயைக் கட்டிற்று. அது மதத்தைப் பரப்புகிறது என்று கூறி நீதிமன்றப் படியேறினர் சிலர். காவியங்களுக்குக்கூட இத்தனை எதிரிகள் வாய்த்ததுண்டோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளியான "அடுத்த தலைமுறை விஞ்ஞானத் தரநிலைகள்" என்பதே நான் குறிப்பிடும் ஏடு. அந்த நாட்டிலே கல்வி மாநிலங்களின் உரிமை. வாஷிங்டனில் அமர்ந்திருப்பவர் விரும்பினாலும் ஒரு பாடத்தை நாடெங்கும் திணித்துவிட முடியாது. உரிமை என்ற அளவில் அது போற்றத்தக்கதே. ஆனால் விஞ்ஞானத்துக்கு அதனால் நேர்ந்த சங்கடமும் சிறிதன்று. ஒரு மாநிலத்துப் பிள்ளைக்குப் பரிணாமம் பாடம். அடுத்த மாநிலத்துப் பிள்ளைக்கு அது பேசக்கூடாத பொருள். கான்சாஸ் மாநிலத்தில் 1999-ஆம் ஆண்டு கல்விக்குழு பரிணாமத்தின் பெரும்பகுதியைத் தரநிலையிலிருந்து வெட்டியது. 2001-ல் புதிய குழு ஒட்டியது. 2005-ல் மீண்டும் திரித்தார்கள். 2007-ல் மீண்டும் திருத்தினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் உயிர்களின் வரலாறே மாறியது! ஓட்டுப் பெட்டி திறக்கும்வரை, டைனோசார் எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்று ஆசிரியர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பத்துக்கு மாற்றாகத்தான் பொதுத் தரநிலை பிறந்தது. தேசிய ஆய்வு மன்றம் 2011-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு கட்டமைப்பை வகுத்துக் கொடுத்தது. 26 மாநிலங்கள் முன்வந்து, "அச்சீவ்" என்னும் அமைப்பின் ஒருங்கிணைப்பில், அந்தக் கட்டமைப்பின்மேல் தரநிலைகளை எழுப்பின. எழுதும் செலவுக்கு ஒன்றிய அரசின் பணம் வாங்கப்படவில்லை. ஏற்பதும் மறுப்பதும் மாநிலத்தின் விருப்பம். இன்று 20 மாநிலங்களும் தலைநகர் வட்டாரமும் அதை அப்படியே ஏற்றுள்ளன. வேறு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே கட்டமைப்பின்மேல் தமக்குரிய தரநிலைகளைத் தாமே எழுதிக்கொண்டுள்ளன. எனவே, கட்டளையால் வந்த பொதுமை அன்று. கலந்து பேசி வந்த பொதுமை. கவனிக்கத்தக்க வேறுபாடு அது.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பதினோரு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அந்த ஏடு 59 எதிர்பார்ப்புகளை வகுக்கிறது. பொருளியல்பு பற்றியவை 19, உயிர்கள் பற்றியவை 21, பூமியும் வானமும் பற்றியவை 15, பொறியியல் பற்றியவை 4. எண்ணிக்கையில் வியப்பில்லை. வியப்பு, அவற்றின் வினைச்சொற்களில் இருக்கிறது. "அறிவான்", "கூறுவான்", "பட்டியல் தருவான்" என்று முடியும் வாக்கியங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே காணும் முடிவுகள் புதியவை. மாணவன் மாதிரி ஒன்றை அமைத்துக் காட்ட வேண்டும். ஆய்வைத் தானே திட்டமிட்டு நடத்த வேண்டும். திரட்டிய தரவுகளைப் பிரித்துப் பொருள் காண வேண்டும். சான்று காட்டி வாதிட வேண்டும். உயிர்ப்பொருள்கள் உயிரணுக்களால் ஆனவை என்று ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவ்வாறு ஆனவை என்பதற்குச் சான்று கிடைக்கும்படி ஓர் ஆய்வை நடத்து என்கிறது. வெப்பம் பரவும் விதத்தை எழுதிக் காட்டினால் போதாது. அது பரவுவதைக் குறைக்கவோ கூட்டவோ ஒரு பொருளைச் செய்து, சோதித்து, குறை கண்டு, மீண்டும் செய் என்கிறது. வெயிலில் சமைக்கும் அடுப்பைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி அட்டைப் பெட்டியில் செய்கிறாள், முட்டை வேகவில்லை, ஏன் வேகவில்லை என்பதுதான் அன்றைய பாடம்.

நிலவின் வளர்பிறை தேய்பிறை, கிரகணம், பருவமாற்றம் ஆகிய மூன்றையும் ஒரே எதிர்பார்ப்பில் கட்டியிருக்கிறார்கள். விளக்கும் பந்தும் கொண்டு ஞாயிறு, பூமி, திங்கள் மூன்றின் நிலையை அமைத்துக் காட்ட வேண்டும். கையிலே பந்தைப் பிடித்துச் சுழற்றி, நிழல் விழும் இடத்தைத் தானே கண்ட பிள்ளையிடம் போய், பாம்பு விழுங்கிற்று என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் ஏடு மட்டும் அச்சத்தைப் போக்கிவிடாது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள் முழுக் கிரகணத்தின் நிழல் ஆரிகன் மாநிலம் தொடங்கித் தென் கரோலினா வரை நாட்டின் குறுக்கே ஓடிற்று. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பாடம். ஆனால் கண் கெட்டுவிடும் என்று அஞ்சிப் பிள்ளைகளை வகுப்பறைக்குள்ளேயே வைத்திருந்த பள்ளிகளும் அந்த நாட்டில் இருந்தன! பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதைவிடக் கதவைச் சாத்துவது எளிது அல்லவா?

ஆசிரியன் என்ற முறையில் என் நெஞ்சைத் தொட்டவை, பல எதிர்பார்ப்புகளின் அடியில் சிற்றெழுத்தில் வரும் எல்லைக் குறிப்புகள். இதற்குமேல் சோதிக்காதே என்று தேர்வாளனுக்கு விதிக்கும் வேலிகள் அவை. பூமியின் 460 கோடி ஆண்டு வரலாற்றைப் பாறை அடுக்குகளின் சான்றைக் கொண்டு எவ்வாறு வரிசைப்படுத்துகிறார்கள் என்பதை மாணவன் விளக்க வேண்டும். ஆனால் ஊழிகளின் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறானா என்று கேட்கக்கூடாது. புதைபடிவங்களின் ஒழுங்கைக் கண்டறிய வேண்டும்; உயிரினங்களின் பெயர்ப்பட்டியல் கேட்கக்கூடாது. கனிமங்களின் பெயர் கேட்கக்கூடாது. எண்ணிப் பாருங்கள், பெயர்களைப் பாராயணம் செய்ததற்கு மதிப்பெண் கொடுத்துக் கொடுத்து, அடியிலிருக்கும் அடுக்கு ஏன் மூத்தது என்ற எளிய கேள்விக்கு விழிக்கும் பட்டதாரிகளை எத்தனை நாடுகள் உற்பத்தி செய்திருக்கின்றன! அந்த உற்பத்திச் சாலையின் பூட்டைத் திறக்க முனைந்த ஏடு இது.

புகழ்ச்சி மட்டும் பாடுவது விமர்சனமாகாது. இதிலே சரக்குக் குறைவு என்று குற்றம் சாட்டியவர்கள் அனைவரும் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. ஃபோர்தாம் நிறுவனம் 2013-ஆம் ஆண்டிலேயே இதற்கு "சி" என்று மூன்றாந்தர மதிப்பெண் போட்டது. செய்முறைக்குத் தந்த இடத்தைப் பாடப்பொருளுக்குத் தரவில்லை என்றது. பாதி வழக்கு அவர்கள் பக்கம் நிற்கிறது. ஒரு காட்டு: நீரின் மூலக்கூற்றை உருண்டைகளால் செய்து காட்டு என்கிறது ஏடு. பிள்ளை செய்கிறாள், ஒரு பெரிய உருண்டை, இரண்டு சிறிய உருண்டை. "ஏன் ஐயா இரண்டு? மூன்று ஒட்டினால் என்ன?" என்று கேட்கிறாள். கேட்கத்தானே கற்றுக் கொடுத்தோம்? அதற்கான விடை புறச்சுற்று எலெக்ட்ரான்களில் இருக்கிறது. புறச்சுற்று எலெக்ட்ரான்களோ எல்லைக் குறிப்புக்கு அப்பால் நிற்கின்றன. நல்ல ஆசிரியர் வேலியைத் தாண்டி விடை சொல்லுவார். வேலி சோதனைக்குத்தானே தவிரக் கற்பித்தலுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர், அது உன் வகுப்பில் இல்லையம்மா என்று உட்கார வைப்பார். வாதிடும் திறனை வளர்க்க விரும்புவோர், வாதத்துக்கு வேண்டிய பொருளையும் மூட்டை கட்டித் தரவேண்டும். வெறுங்கையால் முழம் போட முடியுமோ?

ஆனால் எதிர்ப்பின் பெரும்புயல் இந்தத் திசையிலிருந்து வரவில்லை. ஒளிச்சேர்க்கையை எவரும் எதிர்க்கவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எதிராக ஊர்வலம் போகவில்லை. 59 எதிர்பார்ப்புகளில் ஏழெட்டைத் தேடிப் பிடித்து, அந்த ஏழெட்டிலும் சில சொற்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றின்மேல் பாய்ந்தார்கள். எந்தச் சொல் எங்கே குத்தும் என்பதை ஆதரித்தவர்களைக் காட்டிலும் எதிர்த்தவர்கள் நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவைப் பாருங்கள். நிலக்கரி வெட்டிப் பிழைக்கும் மலைநாடு. கடந்த ஒரு நூற்றாண்டில் உலக வெப்பநிலையின் உயர்வுக்குக் காரணமானவை எவை என்ற சான்றுகளைத் தெளிவாக்கிக்கொள்ளக் கேள்விகள் எழுப்ப வேண்டும் என்பது பொதுத் தரநிலையின் கருத்து. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த மாநிலக் கல்விக்குழு ஏற்ற வடிவத்திலே, "உயர்வு" என்பது "உயர்வும் தாழ்வும்" என்று ஆகியிருந்தது! தமிழ் இலக்கணம் கற்றவர்கள் எண்ணும்மையின் பயனைச் சொல்லுவார்கள். இரண்டு பொருளை ஒரே தட்டில் ஏற்றுவது அது. ஒரு நூற்றாண்டாக ஏறிவந்திருக்கும் வெப்பத்தை, ஏறும் இறங்கும் சந்தை விலை போலக் காட்ட அந்தக் குழுவுக்கு ஒரே ஓர் இணைப்புச் சொல் போதுமானதாயிற்று. செய்தி வெளிப்பட்டதும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் கிளர்ந்தனர். 2015 ஜனவரியில் குழு மாற்றத்தைத் திரும்பப் பெற்று, மக்களின் கருத்தை மீண்டும் கேட்டது. அதற்கு முந்திய ஆண்டே வயோமிங் மாநிலச் சட்டமன்றம், வரவு செலவுத் திட்டத்தின் அடிக்குறிப்பு ஒன்றினால், இந்தத் தரநிலைகளை ஆராய்வதற்கே பணம் செலவிடக்கூடாது என்று தடுத்திருந்தது. நாட்டிலேயே மிகுதியாக நிலக்கரி தோண்டும் மாநிலம் அது. எனவே காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2015-ல் அந்தத் தடை நீக்கப்பட்டது.

நியூ மெக்சிகோ மாநிலக் கல்வித்துறை 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் செய்தது இன்னும் கைதேர்ந்த வேலை. தரநிலைகளை ஏற்கிறோம் என்று அறிவித்தது. ஏற்றதில் வெப்பநிலையின் உயர்வு "ஏற்ற இறக்கம்" ஆகியிருந்தது. 460 கோடி ஆண்டு என்ற எண் மறைந்து, வெறும் "நிலவியல் வரலாறு" நின்றது. பரிணாமம் என்ற சொல்லின் இருக்கையில் "உயிர்ப் பன்மை" அமர்ந்திருந்தது. எண் போனால் சான்று போயிற்று. சொல் போனால் கேள்வி போயிற்று. பொய் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்! நிலவியல் வரலாறு என்பது பொய்யா? உயிர்ப் பன்மை பொய்யா? உண்மையையே உண்மைக்குத் திரையாகத் தொங்கவிடும் கலை இது. அக்டோபர் 16-ஆம் நாள் சாந்தா ஃபே நகரில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைந்தது. ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் பெற்றோர்களும் வரிசையில் நின்று எதிர்த்தார்கள். அதே திங்கள் முடிவதற்குள், பொதுத் தரநிலைகளை மாற்றமின்றி ஏற்பதாகத் துறை அறிவித்தது.

நியூ மெக்சிகோ நெடுந்தொலைவு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலில் "மரபும் பரிணாமமும்" என்ற பாடம் இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று கூறி, பரிணாமத்தை வெட்டி எறிந்து, "மரபு" என்று தலைப்பையும் பாதியாக்கினார்கள். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு மறுப்புக் கடிதம் விடுத்தார்கள். மேல்வகுப்பில் படித்துக்கொள்ளலாமே என்பது விடை. மேல்வகுப்பில் உயிரியலை எடுக்காத பிள்ளைக்கு அந்தக் கதவு என்றுமே திறக்காது என்பது அந்த விடையைச் சொன்னவர்களுக்குத் தெரியாததா?

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். கான்சாஸ் வழக்கு தனிச்சுவை உடையது. 2013-ஆம் ஆண்டு ஜூனில் அந்த மாநிலம் தரநிலைகளை ஏற்றது. செப்டம்பரில் சில பெற்றோரும் ஓர் அமைப்பும் வழக்குத் தொடுத்தனர். இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கையிலேயே காரணம் தேடச் சொல்வது கடவுளற்ற ஒரு மதக் கொள்கையைப் பிள்ளைகளின் உள்ளத்தில் நடுவதாகும். அரசு மதத்தைப் பரப்பலாகாது என்ற அரசியல் சட்டத்துக்கு அது முரண் என்பது வாதம். மதச்சார்பின்மையைக் காக்க மதவாதிகள் கிளம்பிய மாண்பைப் பாருங்கள்! மழை ஏன் பெய்கிறது என்ற கேள்விக்கு, ஞாயிற்றின் வெப்பத்தால் நீர் ஆவியாகி, மேலேறிக் குளிர்ந்து விழுகிறது என்று விடை சொன்னால், வருணனைப் பற்றிப் பேசாத குற்றம் உன்னைச் சாரும் என்பதற்கு இணையான வாதம். 2014 டிசம்பரில் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. வழக்குத் தொடுப்பதற்குரிய பாதிப்பை வழக்காடிகள் காட்டவில்லை என்றது நீதிமன்றம். 2016-ல் மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இத்தனை அம்புகள் பாய்ந்தும் நின்ற ஏடு என்பதால், அது அஞ்சாமல் எழுதப்பட்ட ஏடு என்று முடிவுகட்டிவிடலாமா? அங்கேதான் எனக்கு ஐயம். நான் முன்னே புகழ்ந்த அதே வினைச்சொற்களைக் கையிலே உரைகல்லாக வைத்துக்கொண்டு உரசிப் பாருங்கள். உயிரணுவுக்கு ஆய்வு நடத்தச் சொல்லுகிறது. கண்டங்கள் நகர்ந்ததற்குத் தரவுகளைப் பிரித்துப் பொருள் காணச் சொல்லுகிறது. ஆனால் உலகம் வெப்பமேறும் செய்தி வந்ததும் வினைச்சொல் இளைக்கிறது. கேள்வி எழுப்பினால் போதும் என்கிறது. வாதிடு என்று அங்கே சொல்லவில்லை. விளக்கு என்றும் சொல்லவில்லை. மனிதச் செயல்களே பெரும் பங்கு வகிக்கின்றன என்ற அழுத்தத்தை எங்கே வைத்தார்கள்? எதிர்பார்ப்பின் வாக்கியத்தில் அதற்கு இடமில்லை. அடியில் வரும் விளக்கக் குறிப்பில் வைத்தார்கள். எரிபொருள் எரிப்பதும், சிமெண்டு செய்வதும், வேளாண்மையும் அந்தக் குறிப்பில் வருகின்றன. பக்கத்திலேயே எரிமலையும் ஞாயிற்றொளியின் மாற்றமும் துணைக்கு வருகின்றன. குறிப்பில் இருப்பதை ஒரு மாநிலம் ஓசையின்றி விட்டுவிடலாம். நியூ ஜெர்சி மாநிலம் மாறான வழியில் சென்றது. 2020-ல் பருவநிலை மாற்றத்தை விஞ்ஞானத்தில் மட்டுமின்றி மற்றப் பாடங்களிலும் கற்பிக்க வேண்டும் என்று தரநிலை வகுத்து, 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்திற்று. மனமிருந்தால் வினைச்சொல்லைத் தடிக்க வைக்கலாம் என்பதற்கு அது சான்று.

வெப்பத்தைவிடப் பெரிய மௌனம் ஒன்று உண்டு. பரிணாமப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆறு எதிர்பார்ப்புகள், ஆறும் அருமையானவை. புதைபடிவங்களின் வரிசையில் உயிர் தோன்றியதும் அழிந்ததும் மாறியதும் காண வேண்டும். இன்றைய உயிர்களின் உடலமைப்பையும் பண்டைய உயிர்களின் உடலமைப்பையும் ஒப்பிட்டு உறவு காண வேண்டும். முதிர்ந்தபின் தெரியாத ஒற்றுமையைக் கருவின் படங்களிலே காண வேண்டும். ஒரு கூட்டத்துக்குள் சில உயிர்கள் ஏன் தப்பிப் பெருகுகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இந்தப் பகுதியிலே மனிதன் வருகிறானா? வருகிறான். எதற்கு வருகிறான்? தனக்கு வேண்டிய குணங்களுடைய பயிரையும் விலங்கையும் உருவாக்கத் தொழில்நுட்பம் கண்டவனாக வருகிறான். அதாவது, உயிர்களை மாற்றுபவனாக வருகிறான்; மாறிவந்த உயிராக வரவில்லை! பண்ணையின் சொந்தக்காரனாக உள்ளே நுழைந்தவன், குடும்பப் படத்தில் மட்டும் காணாமற் போகிறான். கருவின் படங்களை ஒப்பிடும்போது ஆசிரியர் துணிந்தால் மனிதக் கருவையும் வரிசையில் வைக்கலாம். துணியாவிட்டால் மீன், கோழி, முயலோடு நிறுத்திக்கொண்டு, பாடம் முடிந்தது என்று மணியடிக்கலாம். இரண்டுக்கும் இந்த ஏடு ஒப்புதல் தருகிறது.

இது தற்செயலான விடுபடல் என்று நான் எண்ணவில்லை. வரலாற்றைப் பாருங்கள். 1925-ஆம் ஆண்டு டென்னசி மாநிலம் இயற்றிய பட்லர் சட்டம் எதைத் தடுத்தது? பரிணாமம் முழுவதையுமா? இல்லை. தவளையைப் பற்றிச் சொல்லலாம், தாவரத்தைப் பற்றிச் சொல்லலாம். விவிலியம் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று கற்பிப்பதை மட்டுமே அது குற்றமாக்கிற்று. அவ்வாண்டு ஜூலையில் டேட்டன் என்னும் சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் கூண்டில் ஏற்றப்பட்டார். ஒருபுறம் மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பிரையன். மறுபுறம் வழக்கறிஞர் டாரோ. 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927-ல் மாநில உயர் மன்றம் தண்டனையைச் சட்ட நுணுக்கம் ஒன்றினால் நீக்கியது, சட்டத்தையோ நிற்கவைத்தது. 1928-ல் ஆர்கன்சாஸ் மாநிலமும் அதே வகையில், மனிதனின் மூதாதையரைப் பற்றிய பாடத்தையே தடை செய்தது. அதை உச்ச நீதிமன்றம் வீழ்த்த 1968-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஆக, அன்றைய சட்டம் எந்த இடத்தில் வாயைப் பொத்திற்றோ, சரியாக அந்த இடத்தில் 2013-ஆம் ஆண்டின் ஏடு தானே வாயை மூடிக்கொள்கிறது. காவலன் போய்விட்டான், பழக்கம் போகவில்லை.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று கேட்பார் உண்டு. குதிரையின் குளம்பும் திமிங்கிலத்தின் இடுப்பெலும்பும் பொருந்துமென்றால், தன் முழங்கால் பொருந்தாமற் போவதேன்? தன் உடம்பைக் காட்டிலும் அருகில் கிடைக்கும் ஆய்வுப்பொருள் எது? மெய்யான தடை வயதில் இல்லை. மனிதன் என்ற சொல் வந்த மறுநாள், வயோமிங்கின் அடிக்குறிப்பும் கான்சாஸின் வழக்கும் பத்து மடங்காகும் என்பதை எழுதியவர்கள் அறிவார்கள். மாநிலங்கள் மறுத்துவிட்டால் மற்ற எதிர்பார்ப்புகளும் மண்ணாகுமே என்று அவர்கள் கருதியிருக்கலாம். அந்தக் கவலையைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த விலை கொடுத்தும் எதிர்ப்பு அடங்கவில்லை என்பதை மேலே பார்த்தோம். மௌனம் ஒருவரையும் சமாதானப்படுத்தவில்லை.

பள்ளியறைக்குள் இந்த ஏடு படும் பாட்டையும் சிறிது சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் சட்டப்படி வாசிப்பிலும் கணக்கிலும் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு. விஞ்ஞானத்திலோ தொடக்கம், நடுநிலை, மேல்நிலை ஒவ்வொன்றிலும் ஒரே முறை. எடுத்துக்காட்டாகக் கலிபோர்னியாவில் ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை, எட்டில் ஒருமுறை, மேல்நிலையில் ஒருமுறை. எதைச் சோதிக்கிறார்களோ அதற்கே நேரம் ஒதுக்குவது பள்ளிகளின் இயல்பு. இன்னொன்று, வாதிடு என்ற வினைச்சொல்லையே படிவமாக்கிவிட்டார்கள் பலர். கூற்று என்று ஒரு கட்டம், சான்று என்று ஒரு கட்டம், காரணம் என்று ஒரு கட்டம். மூன்றையும் நிரப்பினால் மதிப்பெண். தொடக்கத்தில் கைப்பிடியாக உதவும் படிவம், நாளடைவில் கையையே கட்டிவிடுகிறது. சான்று கூற்றைக் கவிழ்க்கும்போது எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒரு பிள்ளை கேட்டால், படிவத்தில் இடமில்லை.

அறுபதாவது எதிர்பார்ப்பு ஒன்றை எழுதும் உரிமை எனக்கு இருந்தால், ஊழியின் பெயர் எதையும் கேட்க மாட்டேன். 1974-ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் கிடைத்த, லூசி என்று பெயரிடப்பட்ட, சுமார் 32 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய எலும்புக்கூட்டின் இடுப்பையும் முழங்காலையும் படத்தில் தருவேன். பக்கத்தில் சிம்பன்சியின் இடுப்பு. அதன் பக்கத்தில் நம்முடையது. லூசி நிமிர்ந்து நடந்தாளா என்பதைச் சான்று காட்டி வாதிடு என்பேன். பிறகு தான்சானியாவின் லேட்டோலி என்னுமிடத்தில், எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய, 36 இலட்சம் ஆண்டுகளைக் கடந்த காலடித் தடங்களைக் காட்டுவேன். பெருவிரல் எந்தப் பக்கம் நோக்குகிறது, குதிகால் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை அளக்கச் சொல்லி, பள்ளி முற்றத்து ஈரமணலில் பிள்ளைகளையும் நடக்கவிட்டு, இரண்டு தடங்களையும் ஒப்பிடச் சொல்லுவேன். வினைச்சொல்லும் எல்லைக் குறிப்பும் இப்போதுள்ள ஏட்டின் முறைப்படியே அமையும். புதிதாக எந்தக் கருவியும் வேண்டாம். இதைத் தடுக்கும் வரி அந்த ஏட்டில் எங்குமில்லை. இதைத் தடுத்த சட்டத்தை டென்னசி மாநிலமே 1967-ஆம் ஆண்டு நீக்கிவிட்டது.